"சட்டத்தரணி" என்பதை "வழக்கறிஞர்" என்று மாற்றலாமா?

பதிவு 1: வைகைத்தென்றல்

எல்லோருக்கும் வணக்கம். நான் மதுரையில் சிறு பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுக்கிறேன். இப்போது கையில் இருப்பது யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவரின் வாழ்க்கை நினைவுகள். அவர் குடும்பத்தில் மூன்று பேர் கோர்ட்டுத் தொழில் பார்த்திருக்கிறார்கள். பிரதியில் அப்பாவைப் "பிறக்கிராசி" என்கிறார், பெரியப்பாவை "அப்புக்காத்து" என்கிறார், தன்னைச் "சட்டத்தரணி" என்கிறார்.

இங்கே உள்ள வாசகர்கள் தடுக்கி விழாமல் படிக்கட்டும் என்று மூன்றையும் "வழக்கறிஞர்" என்று மாற்றி அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. கோபமாக ஒரு சொல்கூட இல்லை. ஒரே வரிதான்: "பிள்ளை, மூன்று பேரையும் ஒரே ஆளாக்கிவிட்டீர்கள்."

அந்த வரி இரண்டு நாளாக மனதை விட்டுப் போகவில்லை. இவை மூன்றும் ஒரே தொழிலுக்கு வேறு வேறு பெயர்கள் என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் வேறுபாடு என்ன? அச்சுக்குப் போக மூன்று வாரம் இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதிவு 2: கோர்ட்டு_வராண்டா

தஞ்சாவூரில் 22 வருடமாக வழக்கு நடத்துகிறேன். நம் பக்கத்துக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஊரில் எல்லோரும் சொல்வது வக்கீல். வக்கீல் நோட்டீஸ், வக்கீல் குமாஸ்தா, வக்கீல் வீடு. எழுத்தில் வருவது வழக்கறிஞர். தனித்தமிழில் பற்றுள்ளவர்கள் பலகையில் வழக்குரைஞர் என்று எழுதுவார்கள். காரின் கண்ணாடியில் அட்வகேட் என்று ஒட்டியிருக்கும். நான்கும் ஒரே ஆளைத்தான் குறிக்கும். காரணம், 1961இல் வந்த வழக்கறிஞர்கள் சட்டம். இந்தியாவில் சட்டத் தொழில் செய்ய உரிமை உள்ளவர்கள் ஒரே ஒரு வகுப்பினர்தான், அட்வகேட் மட்டும்தான் என்று அதன் 29ஆம் பிரிவு சொல்கிறது. பி.எல். முடித்திருந்தால் மட்டும் போதாது. பார் கவுன்சிலில் பெயர் பதிய வேண்டும்.

அதனால் எனக்குத் தோன்றுவது, நீங்கள் மாற்றியதில் பெரிய தப்பு இல்லை. சட்டத்தரணி என்பது இலங்கையில் வழக்கறிஞருக்குச் சொல்லும் பெயர். பேருந்தை அங்கே பஸ் வண்டி என்பது மாதிரிதான்.

பதிவு 3: சுன்னாகம்_சந்தி

வக்கீல் ஐயா மன்னிக்க வேண்டும், பஸ் வண்டி மாதிரி இல்லை. நான் இலங்கை நீதிமன்றங்களில் உரைபெயர்ப்பாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவன். இப்போது ரொறன்ரோவில் மகனோடு இருக்கிறேன். பிள்ளை கேட்டபடியால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

வெள்ளைக்காரன் காலத்திலும் சுதந்திரத்துக்குப் பிறகு 1973 வரையிலும் எங்கள் நாட்டில் இந்தத் தொழில் இரண்டு கிளையாக இருந்தது.

ஒரு கிளை பிறக்கிராசி. ஆங்கிலத்தில் புறொக்டர் என்பார்கள். காணிச் சண்டையோ கடன் வழக்கோ வந்தால் சனம் முதலில் போய் நிற்பது அவர் வீட்டுத் திண்ணையில்தான். அவர்தான் கதையைக் கேட்பார், பத்திரங்களைப் பார்ப்பார், வழக்கைத் தாக்கல் செய்வார். அநேகமானவர்கள் நொத்தாரிசாகவும் இருந்தபடியால் காணி உறுதி முடிப்பதும் அவர்தான். மூன்று தலைமுறைக் காணிக் கதை அவர் பெட்டகத்தில் இருக்கும். கீழ் நீதிமன்றங்களில் அவரே எழுந்து பேசவும் செய்வார்.

மற்றது அப்புக்காத்து. அவர் வாதாடுவதற்கென்றே உள்ளவர். கட்சிக்காரன் நேரே போய் அவரைப் பிடிக்க முடியாது. பிறக்கிராசிதான் வழக்குக் கட்டைத் தயார் செய்து அவரிடம் கொண்டுபோக வேண்டும். பெரிய மன்றங்களில் எழும்பிப் பேசுகிறவர் அவர். எழுத்துத் தமிழில் அவரை நியாயதுரந்தரர் என்று எழுதினார்கள். அந்தச் சொல் பத்திரிகைகளோடு நின்றுவிட்டது. சனத்தின் வாயில் இருந்தது அப்புக்காத்துதான். இன்றைக்கும் எங்கள் ஊரில் ஒரு பொடியன் எதற்கெடுத்தாலும் நியாயம் பேசினால், "பெரிய அப்புக்காத்து மாதிரிக் கதைக்காதே" என்று தாய்மார் ஏசுவார்கள். யாரும் "பெரிய பிறக்கிராசி மாதிரி" என்று ஏசுவதில்லை. அந்த ஏச்சிலேயே இரண்டு தொழிலுக்கும் உள்ள வித்தியாசம் தெரிகிறதல்லவா?

இந்த இரண்டையும் 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் ஒன்றாக்கியது. 1974 சனவரி முதலாம் திகதியிலிருந்து பிறக்கிராசியும் இல்லை, அப்புக்காத்தும் இல்லை. எல்லோரும் சட்டத்தரணி. அதன் பிறகு வந்த 1978ஆம் ஆண்டு நீதித்துறைச் சட்டமும் அந்த ஏற்பாட்டைத் தொடர்ந்தது.

ஆகவே, பிள்ளை, உங்கள் எழுத்தாளர் மூன்று சொல்லை அழகுக்காக எழுதவில்லை. அப்பா சனத்தோடு திண்ணையில் இருந்தவர். பெரியப்பா மன்றத்தில் நின்று பேசியவர். இவர் 1974க்குப் பிறகு சத்தியப்பிரமாணம் எடுத்தவராக இருப்பார். ஒரு வீட்டுக்குள் ஒரு நாட்டின் சட்ட வரலாறு இருக்கிறது. அதைத்தான் நீங்கள் அழித்துவிட்டீர்கள் என்று அவர் கவலைப்பட்டிருப்பார்.

பதிவு 4: கோர்ட்டு_வராண்டா

ஐயா, ஒப்புக்கொள்கிறேன். தெரியாமல் அவசரப்பட்டு எழுதிவிட்டேன்.

நீங்கள் சொன்னதைப் படித்ததும் எங்கள் பக்கத்திலும் இதே கதை இருந்தது நினைவுக்கு வந்தது. இன்றைக்கு வக்கீல் என்பது பொதுப்பெயர். ஆனால் பழைய சென்னை உயர் நீதிமன்றத்தில் அது ஒரு தனி வகுப்பின் பெயர். லண்டனுக்குப் போய்ப் படித்து வந்தவர் பாரிஸ்டர். இங்கேயே படித்துத் தேறியவர் வக்கீல். அவர்களுக்குக் கீழே மாவட்டக் கோர்ட்டுகளில் பிளீடர்கள். 1879ஆம் வருடத்துச் சட்டத்தில் முக்தியார் என்று இன்னொரு வகுப்புகூட வரும். யார் எந்தக் கோர்ட்டில் எழுந்து பேசலாம் என்பதெல்லாம் இந்தப் பெயரைப் பொறுத்தது.

பாஷ்யம் ஐயங்கார் லண்டன் பாரிஸ்டர் அல்லர், இங்கே உருவான வக்கீல். அவர் சென்னை மாகாணத்தின் அட்வகேட் ஜெனரலாகப் பொறுப்பு வகித்த முதல் இந்தியர் ஆனார் என்பது அந்த நாளில் ஏன் அவ்வளவு பெரிய செய்தி என்பது, வக்கீல் என்ற சொல்லின் அன்றைய எடை தெரிந்தால்தான் புரியும். "வழக்கறிஞர் பாஷ்யம் ஐயங்கார்" என்று இன்று எழுதினால் தப்பில்லை. ஆனால் கதையின் பாதி போய்விடும். 1926இல் பார் கவுன்சில் சட்டம் வந்து அந்த இடைவெளியைக் குறைத்தது. 1961 அதை முழுக்க மூடிவிட்டது.

இலங்கைக்கு 1974 எப்படியோ, எங்களுக்கு 1961 அப்படி. என் தாத்தாவின் பழைய பத்திரக் கட்டில் "பிளீடர்" என்று முத்திரை குத்திய காகிதங்களைச் சின்ன வயதில் பார்த்து, அது ஆளின் பெயர் என்றே நினைத்திருந்தேன்.

பதிவு 5: எழுத்தெண்ணி

தமிழாசிரியன் என்ற முறையில் சொற்களின் பக்கத்திலிருந்து கொஞ்சம்.

வழக்கறிஞர் = வழக்கு + அறிஞர். வழக்குரைஞர் = வழக்கு + உரைஞர். முன்னது அறிவைச் சொல்கிறது, பின்னது செயலைச் சொல்கிறது. எனக்கு இரண்டாவதுதான் பொருத்தம் என்று படும். வழக்கை அறிந்து வீட்டில் இருப்பவருக்கு மன்றத்தில் என்ன வேலை? எடுத்து உரைப்பதுதானே தொழில்! ஆனால் வழக்கறிஞர் நன்றாக வேரூன்றிவிட்டது, அதையும் மதிக்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: "வழக்குறைஞர்" என்று வல்லின றகரம் போட்டு எழுதாதீர்கள். அது வழக்கைக் குறைப்பவர் என்று ஆகிவிடும். பெயர்ப்பலகைகளிலேயே பார்த்திருக்கிறேன்.

வழக்கு என்ற சொல்லுக்கு இரண்டு முகம். உலக வழக்கு, செய்யுள் வழக்கு என்னும்போது மக்கள் வழங்கும் முறை. கோர்ட்டு வழக்கு என்னும்போது தகராறு. ஊரில் காலங்காலமாக எது வழங்கி வருகிறதோ அதை வைத்தே சண்டையைத் தீர்த்தார்கள் என்பதால் இரண்டும் ஒரே சொல்லில் வந்து நிற்கிறது என்பது என் எண்ணம்.

இன்னொன்று. பழைய இலக்கியத்தில் வழக்கு உண்டு, மன்றம் உண்டு, சான்று உண்டு, ஆனால் பிறருக்காகக் கூலி வாங்கிப் பேசும் ஆள் கண்ணில் படுவதில்லை. சிலப்பதிகாரத்தின் 20ஆம் காதைக்கு வழக்குரை காதை என்றே பெயர். அங்கே வழக்கை உரைப்பவள் கண்ணகியே. என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று அவளே சொல்லி, அவளே உடைத்துக் காட்டுகிறாள். பெரியபுராணத்தில் திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் சுந்தரரை அடிமை என்று உரிமை கொண்டாடி ஒரு கிழவர் வருகிறார். ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்ற மூன்றில் ஒன்றைக் காட்டு என்று சபை கேட்கிறது. அனுபவம், பத்திரம், சாட்சி. இன்றைய சிவில் கோர்ட்டும் இதே மூன்றைத்தானே கேட்கிறது? ஆனால் அந்தச் சபையிலும் சுந்தரருக்கு அவரே பேசுகிறார், கிழவருக்கு அவரே பேசுகிறார்.

அதனால்தான் அந்தத் தொழில் வந்தபோது பெயரும் கூடவே வெளியிலிருந்து வந்தது. வக்கீல் அரபுச் சொல். பிறர் சார்பில் நின்று செயல்படுபவர் என்று பொருள். தமிழ் முஸ்லிம்களின் நிக்காஹில் மணமகள் சார்பில் பொறுப்பேற்பவரை இன்றும் வக்கீல் என்பார்கள். அவருக்குக் கறுப்பு கவுன் கிடையாது, ஆனால் சொல்லின் ஆதிப் பொருள் அங்கேதான் அப்படியே இருக்கிறது. வக்காலத்தும் அதன் உறவுதான்.

வைகைத்தென்றல் அம்மாவுக்கு என் யோசனை: சட்டத்தரணியை அப்படியே விடுங்கள். அப்புக்காத்து, பிறக்கிராசி இரண்டையும் நல்ல தமிழில் மாற்றலாம். அவை தமிழே அல்ல. வாதுரைஞர், வழக்கு முகவர் என்பது போல எதையாவது ஆக்கிக்கொள்ளலாமே.

பதிவு 6: சுன்னாகம்_சந்தி

ஆசிரியர் ஐயாவின் கண்ணகி விளக்கம் அருமை. ஆனால் கடைசி யோசனை எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்புக்காத்து ஒல்லாந்தரிடமிருந்து, அதாவது டச்சுக்காரரிடமிருந்து வந்த சொல். அவர்கள் அட்வகாட் என்றதை எங்கள் சனம் நாக்குக்கு ஏற்றபடி திருத்திக்கொண்டது. பிறக்கிராசியும் அதே காலத்து ஐரோப்பியரிடமிருந்து வந்ததுதான். அந்தச் சொல்லின் உடன்பிறப்புச் சிங்களத்திலும் பெரக்கதோரு என்று இருக்கிறது. ஏன் ஒல்லாந்துச் சொல்? எங்கள் சட்டமே அங்கிருந்து வந்தபடியால். இலங்கையின் பொதுச் சட்டம் இன்றைக்கும் ரோமன் டச்சுச் சட்டம். யாழ்ப்பாணத்து வழக்காற்றுச் சட்டமான தேசவழமையை 1707இல் எழுத்தில் தொகுத்ததும் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ்தான்.

உங்கள் பக்கத்தில் வக்கீல், வாய்தா, தாவா, அமீனா, ஜாமீன் என்று நவாபு காலத்துச் சொற்கள் கோர்ட்டில் இருக்கின்றன. எங்களுக்கு வாய்தா தெரியாது, தவணை என்போம். அப்புக்காத்து உங்களுக்குத் தெரியாது. எந்த ஊர்க் கோர்ட்டை யார் நடத்தினார்கள் என்பது இந்தச் சொற்களில் பதிந்து கிடக்கிறது. 1950இல் திண்ணையில் இருந்த ஒரு மனிதரை "வழக்கு முகவர்" என்று எழுதினால், அவரை அந்தப் பெயரால் உலகத்தில் ஒருவருமே கூப்பிட்டிருக்க மாட்டார்கள். மகன் எழுதும் நினைவில் தகப்பனுக்கு ஊரார் வைத்த பெயர் வேண்டாமா?

பதிவு 7: எழுத்தெண்ணி

யோசித்துப் பார்த்தேன். இன்று புதிதாக ஒரு சட்ட நூல் எழுதினால் என் கருத்துதான். நினைவு நூல் வேறு. நீங்கள் சொல்வது சரி. அங்கே அவர்களை அழைத்த பெயரே நிற்கட்டும்.

பதிவு 8: கொக்குவில்_மழை

நான் யாழ்ப்பாணத்தில் இப்போது தொழில் செய்யும் சட்டத்தரணி. சுன்னாகம் ஐயா பழைய கதையை நன்றாகச் சொல்லிவிட்டார். இன்றைய நிலையைச் சேர்க்கிறேன்.

சட்டத்தில் ஒன்றானாலும் நடைமுறையில் அந்த இரண்டு நிழலும் இன்னும் இருக்கின்றன. சிவில் வழக்கில் கட்சிக்காரர் ஒப்பமிட்டுக் கொடுக்கும் பத்திரத்தோடு ஒருவர் "பதிவுபெற்ற சட்டத்தரணி" ஆகிறார். கடிதம், அறிவித்தல், தாக்கல் எல்லாம் அவர் பெயரில். வாதாட வேறொரு சட்டத்தரணியை அவர் அழைத்து வருவார். வேண்டுமானால் ஒருவரே இரண்டையும் செய்யலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் பெரிய வழக்கென்றால் இரண்டு பேர்தான். என் அப்பாவின் தலைமுறை இந்த முதல் ஆளைப் பேச்சுவாக்கில் பிறக்கிராசி என்றே கடைசிவரை சொன்னது.

எங்கள் பலகைகளில் "சட்டத்தரணி, பிரசித்த நொத்தாரிசு" என்று சேர்த்து எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இதையும் வைகைத்தென்றல் அக்கா கவனிக்க வேண்டும். நொத்தாரிசை நோட்டரி என்று மாற்றினால் தமிழ்நாட்டு வாசகர் தவறாகப் புரிந்துகொள்வார். உங்கள் ஊர் நோட்டரி கையொப்பம் பார்த்து முத்திரை வைப்பவர். நிலம் விற்கப் பத்திர எழுத்தரிடமும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் போவீர்கள். இங்கே காணிக் கைமாற்றம் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு நடந்தால்தான் செல்லும். உறுதியை எழுதுபவரும் அவர், முடித்து வைப்பவரும் அவர். பெயர் ஒன்று போலத் தோன்றினாலும் பொறுப்பு வேறு.

இன்னும் சில சொற்கள். அரச தரப்பில் தோன்றுபவர் அரச சட்டவாதி. அவர்களுக்குத் தலைவர் சட்டமா அதிபர். அவருக்கு அடுத்த நிலையில் உள்ளவரை மன்றாடியார் நாயகம் என்கிறோம். இந்தச் சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். மன்றாடுதல் என்றால் இப்போது எல்லோரும் கெஞ்சுவது என்றே நினைக்கிறார்கள். மன்றத்தில் நின்று வழக்காடுவது என்ற பொருள் எங்கள் பதவிப் பெயரில் உயிரோடு இருக்கிறது.

அடுத்தது, "ஜனாதிபதி சட்டத்தரணி" என்பது அரசு தரும் பட்டம். முன்பு இராணியின் பெயரால் கொடுத்ததற்குப் பதிலாக 1984இல் அரசியலமைப்பின் எட்டாம் திருத்தத்தால் வந்தது. தமிழரசுக் கட்சித் தலைவராக இருந்த செல்வநாயகம் பெயருக்குப் பின்னால் பழைய நூல்களில் கியூ.சி. (குயின்ஸ் கவுன்சல்) என்று இருப்பது அந்தப் பழைய பட்டம். "சிரேஷ்ட சட்டத்தரணி" என்று இன்றைய செய்திகளில் வருவதோ வெறும் மரியாதைச் சொல்.

பதிவு 9: கோர்ட்டு_வராண்டா

கடைசியில் சொன்னது எங்கள் பக்கத்தில் நேர் எதிர். இங்கே "மூத்த வழக்கறிஞர்" என்பதுதான் பட்டம். 1961 சட்டத்தின் 16ஆம் பிரிவுப்படி உச்ச நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோ கொடுக்க வேண்டும். அந்தப் பட்டம் பெற்றவர் வக்காலத்துப் போட முடியாது, கட்சிக்காரரிடம் நேரடியாக வழக்கு எடுக்க முடியாது. இன்னொரு வழக்கறிஞர் மூலமாகத்தான் வர வேண்டும். (எழுதும்போதே தோன்றுகிறது, இது அப்படியே உங்கள் அப்புக்காத்து!) ஆனால் செய்தித்தாள்களில் தலை நரைத்தவரையெல்லாம் மூத்த வழக்கறிஞர் என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கே ஒரு தடவை அப்படிப் போட்டார்கள். மறுநாள் கூப்பிட்டுத் திருத்தச் சொன்னேன். இல்லாத பட்டத்தைச் சூடிக்கொண்டு கோர்ட்டுக்குள் எப்படி நுழைவது?

பதிவு 10: பினாங்கு_மணி

மலேசியாவிலிருந்து ஒரு சிறு குறிப்பு. எங்கள் தமிழ்ப் பத்திரிகைகளில் வழக்கறிஞர்தான். ஆனால் இங்கே சட்டப்படி ஒரே ஆள் அட்வகேட்டும் சொலிசிட்டருமாக இருக்கிறார். வீடு வாங்கும் ஒப்பந்தமும் அவரிடம், கோர்ட்டு வழக்கும் அவரிடம். வீட்டுப் பத்திரத்துக்காக வழக்கறிஞரிடம் போகிறேன் என்று சொன்னால் தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் "என்ன வழக்கு, யாரோடு?" என்று பதறிப்போய்க் கேட்கிறார்கள். வழக்கே இல்லாத வேலைக்கு வழக்கறிஞர் என்ற பெயர் சரியாக உட்காரவில்லை. அந்த வகையில் எனக்குச் சட்டத்தரணி நல்ல சொல்லாகத் தெரிகிறது. சட்டத்தை வைத்துச் செய்யும் எல்லா வேலையும் அதில் அடங்கும்.

பதிவு 11: சட்டக்கல்லூரி_பின்வரிசை

நான் நான்காம் ஆண்டு மாணவி. இழையை முழுதும் படித்தேன். எனக்கு நீண்ட நாள் சந்தேகம் ஒன்று. செய்திகளில் "சட்ட வல்லுநர்கள் கருத்து", "சட்ட நிபுணர்கள் ஆலோசனை" என்று வருகிறது. அதுவும் வழக்கறிஞரும் ஒன்றா?

கேட்பதற்குக் காரணம் அரசியலமைப்பின் 124ஆம் கூறு. உச்ச நீதிமன்ற நீதிபதி ஆக மூன்று வழி சொல்கிறது. 5 ஆண்டு உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்திருக்க வேண்டும், அல்லது 10 ஆண்டு உயர் நீதிமன்ற வழக்கறிஞராக இருந்திருக்க வேண்டும், அல்லது குடியரசுத் தலைவரின் கருத்தில் புகழ்பெற்ற ஜூரிஸ்டாக, அதாவது சட்ட வல்லுநராக இருக்க வேண்டும். வகுப்பில் ஒரு தோழி இந்த ஜூரிஸ்டை வழக்கறிஞர் என்றே தமிழில் எழுதிவிட்டாள். அப்படியானால் இரண்டாவது வழியும் மூன்றாவது வழியும் ஒன்றாகிவிடுமே என்று நான் வாதாடினேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

பதிவு 12: கோர்ட்டு_வராண்டா

நீ சொன்னதுதான் சரி, அம்மா. விட்டுக்கொடுக்காதே.

சட்ட வல்லுநர் என்பது ஆழ்ந்த புலமையைக் குறிக்கும் சொல். வழக்கறிஞர் என்பது ஓர் உரிமத்தைக் குறிக்கும் சொல். இரண்டும் ஒருவரிடமே இருக்கலாம், இல்லாமலும் போகலாம். உனக்குப் பாடம் நடத்தும் பேராசிரியரையே எடுத்துக்கொள். முழுநேரச் சம்பள வேலையில் இருப்பவர் வழக்கறிஞர் தொழில் செய்யக்கூடாது என்பது பார் கவுன்சிலின் பொது விதி. அவர் 30 வருடம் அரசியலமைப்பைக் கரைத்துக் குடித்தவராக இருக்கலாம், நாங்கள் எல்லாம் அவர் கட்டுரையை எடுத்துக்கொண்டு போய் நீதிபதியிடம் காட்டலாம். ஆனால் அவர் வழக்கறிஞர் இல்லை. அவருக்குத்தான் அந்த மூன்றாவது வழி. அரசியலமைப்பு வந்ததிலிருந்து இதுவரை அந்த வழியில் ஒருவர்கூட உச்ச நீதிமன்றத்துக்குப் போகவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

உயர் நீதிமன்றத்துக்கும் இதே மாதிரி ஒரு வழியை 1976இல் 42ஆம் திருத்தம் சேர்த்தது. 1978இல் 44ஆம் திருத்தம் எடுத்துவிட்டது. உன் தோழிக்கு இதையும் சொல்.

செய்தித்தாள் விஷயத்தில் நிபுணர், வல்லுநர் என்பதெல்லாம் பெயரைச் சொல்ல விரும்பாத என் மாதிரி ஆளிடம் போனில் கேட்டதாகவும் இருக்கலாம். சட்ட மேதை என்பதை அம்பேத்கர் போன்றவருக்கு மட்டும் வைத்துக்கொண்டால் நல்லது. அந்தச் சொல்லைத் தாராளமாகச் செலவழிக்கிறார்கள்.

பதிவு 13: கொக்குவில்_மழை

தங்கைக்கு ஒரு கூடுதல் தகவல். சிங்களத்தில் சட்டத்தரணிக்கு நீதிஞ்ஞ என்ற சொல். நீதியை அறிந்தவர். உங்கள் வழக்கறிஞரும் அறிந்தவர். இரண்டிலும் அறிவு இருப்பதால்தான் வல்லுநரோடு குழப்பம் வருகிறது. ஆசிரியர் ஐயா வழக்குரைஞர் பக்கம் நின்றதன் நியாயம் எனக்கு இப்போது விளங்குகிறது.

வைகைத்தென்றல் அக்கா, மறந்துவிடாமல் இதையும் பாருங்கள். இந்தப் பிரதியில் "உயர் நீதிமன்றம்" என்று வந்தால் கை வைக்க வேண்டாம். இலங்கையில் உயர் நீதிமன்றம்தான் நாட்டின் ஆக மேலான மன்றம். உங்கள் உச்ச நீதிமன்றத்துக்குச் சமம். ஆங்கிலத்தில் ஹைகோர்ட் என்ற பெயரைத் தாங்கிய மன்றத்தை இங்கே மேல் நீதிமன்றம் என்போம். நீதவான் என்றால் உங்கள் நீதித்துறை நடுவர். அப்புறம் "அற்றோணித் தத்துவம்" என்று வந்தால் அது சட்டத்தரணி பற்றியது அல்ல. நீங்கள் பவர் பத்திரம் என்று சொல்வது. யாருக்கு வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கலாம்.

பதிவு 14: வைகைத்தென்றல்

எல்லோருக்கும் நன்றி. கொக்குவில், சரியான நேரத்தில் சொன்னீர்கள். "உயர் நீதிமன்றம்" 14 இடத்தில் வருகிறது. எனக்கு ஒன்றுமே தோன்றாமல் கடந்து போயிருக்கிறேன். வாசகரும் அப்படித்தான் மதுரைக் கிளையைப் போல ஒன்றை நினைத்துக்கொண்டு போவார். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் ஒரு வரி விளக்கம் சேர்க்கலாம் என்று பெரியவரிடம் கேட்டேன். சரி என்றார்.

மூன்று சொற்களையும் பழையபடி வைத்துவிட்டேன். அடிக்குறிப்பு எதுவும் போடவில்லை. ஏனென்றால் பிரதியைத் திரும்பப் படித்தபோதுதான் கவனித்தேன், அவரே இரண்டாம் அத்தியாயத்தில் அப்பா வழக்குக் கட்டைச் சிவப்பு நாடாவில் கட்டி, தம்பியாகப் போய் அண்ணனிடம் கொடுத்து, அண்ணன் நீதிமன்றத்தில் அதைப் பிரித்துப் பேசிய ஒரு காட்சியை நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். பிறக்கிராசி, அப்புக்காத்து இரண்டுக்கும் அதைவிட நல்ல விளக்கம் என்னால் எழுத முடியாது. நான் "வழக்கறிஞர் வழக்கறிஞரிடம் கட்டைக் கொடுத்தார்" என்று ஆக்கி வைத்திருந்தேன். படித்தபோது முகம் சுட்டது.

ஒரு சந்தேகம் மட்டும் மீதி. ஏழாம் அத்தியாயம் 1968இல் நடக்கிறது. அதில் குடும்ப நண்பர் ஒருவரைச் "சட்டத்தரணி" என்று எழுதியிருக்கிறார். இந்த இழையில் படித்த கணக்குப்படி அப்போது அந்தப் பெயர் இருந்திருக்க முடியாதே? மறுபடியும் நான் கை வைக்கலாமா, விட்டுவிடலாமா?

பதிவு 15: சுன்னாகம்_சந்தி

பிள்ளை, நல்ல கண். சொல் அதற்கு முன்பே எழுத்தில் எங்காவது பொதுவாக வந்திருக்கலாம். ஆனால் தொழிலின் பெயராக 1968இல் அவர் பிறக்கிராசி அல்லது அப்புக்காத்து. நீங்களாக மாற்ற வேண்டாம். எது என்பது எழுதியவருக்குத்தான் தெரியும். கேளுங்கள், கோபிக்க மாட்டார்.

பதிவு 16: வைகைத்தென்றல்

கேட்டேன். இந்த முறை கடிதம் இல்லை, போனிலேயே கூப்பிட்டார். கொஞ்ச நேரம் சிரித்தார். "அவர் அப்புக்காத்து, பிள்ளை. மல்லாகம் கோர்ட்டுக்கு வரும்போது எனக்குத் தோடம்பழம் வாங்கி வருவார். எழுதும்போது எனக்கே மறந்து போச்சு" என்றார். திருத்தியாகிவிட்டது. தோடம்பழமும் அந்தப் பத்தியில் சேர்ந்துவிட்டது.